நூலகத்தில் சமகாலப் புகைப்படத் தொகுப்பு: ஒப்பந்தம் முதல் வாசகர் மேசை வரை முழுமையான வழிகாட்டி

பழைய புகைப்படங்கள் நூலகத்துக்கு வரும்போது எடுத்தவர் பெரும்பாலும் உயிரோடு இருப்பதில்லை. யார், எங்கே, எப்போது என்பதையெல்லாம் ஊகித்துத்தான் எழுத வேண்டியிருக்கும். இன்று வேலை செய்துகொண்டிருக்கும் ஒரு புகைப்படக் கலைஞரிடம் வாங்கும்போது அந்தச் சிக்கல் இல்லை; கேட்டால் சொல்வார். ஆனால் கேட்க வேண்டியதைப் படம் நூலக வாசலுக்குள் வருவதற்கு முன்பே கேட்டு, எழுதி, கையெழுத்து வாங்கிவிட வேண்டும்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் இடறுவது இங்கேதான். முதலில் படங்களை வாங்கி அலமாரியில் வைக்கிறார்கள், பிறகு ஸ்கேன் செய்கிறார்கள், இணையத்தில் ஏற்றப்போகும் நாளில்தான் உரிமையைப் பற்றிய கேள்வி எழுகிறது. அதற்குள் பாதி உழைப்பு வீணாகிவிடும். ஆகவே கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள். ஒன்றைத் தாண்டி அடுத்ததற்குப் போனால், பின்னால் திரும்பிவந்து இரட்டை வேலை பார்க்க வேண்டியிருக்கும்.

1. தொடங்கும் முன் தயாராக இருக்க வேண்டியவை

முதல் தேவை ஒரு பக்கத்தில் அடங்கும் சேகரிப்புக் கொள்கை. எந்தப் பகுதி, எந்தக் காலம், எந்த வடிவம் (பிரிண்ட், நெகட்டிவ், டிஜிட்டல் கோப்பு, புகைப்பட நூல்) என்பதோடு, எவற்றைச் சேர்க்க மாட்டோம் என்பதையும் எழுதுங்கள். இந்த இரண்டாம் பகுதியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால், நல்ல மனதோடு ஒருவர் நான்கு பெட்டி நிறையக் குடும்பப் படங்களைக் கொண்டுவந்து இறக்கும்போது மறுப்பதற்கு வழி இருக்காது.

அடுத்தது அறை. சாதாரணப் பிரிண்டுகளுக்கு 18 டிகிரி செல்சியஸ் அளவில் வெப்பமும் 30 முதல் 50 சதவீதத்துக்குள் ஈரப்பதமும் இருந்தால் நல்லது. இந்த எண்களைத் தொடுவதைவிட ஏற்ற இறக்கம் இல்லாமல் இருப்பது முக்கியம். பகலில் ஏசியை ஓட்டி இரவில் அணைத்தால், படத்தைத் தாங்கும் ஜெலட்டின் அடுக்கு ஈரத்தை இழுத்து விரிவதும் காய்ந்து சுருங்குவதுமாக இருக்கும். பிரிண்ட் சுருளும், நாளடைவில் மேற்பரப்பு வெடிக்கும். மொட்டைமாடிக்கு நேர் கீழே உள்ள அறை, நிலத்தடி அறை, தண்ணீர்க் குழாய் ஓடும் சுவர் ஆகியவற்றைத் தவிர்த்துவிடுங்கள். வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் தானே பதிவுசெய்யும் சிறிய கருவி ஒன்றை வைத்து, குறைந்தது ஒரு மாத அளவீட்டைப் பார்த்த பிறகே அறையை முடிவு செய்யுங்கள்.

பொருள்கள்: நைட்ரைல் (செயற்கை ரப்பர்) கையுறை, மென்மையான 2பி பென்சில், பிளாஸ்டிக் பரப்பில் எழுதும் ஃபிலிம் பேனா, உருப்பெருக்கி, அளவு நாடா, பாலியெஸ்டர் அல்லது பாலிபுரோப்பிலீன் உறைகள், அமிலமற்ற காகித உறைகளும் பெட்டிகளும், இரண்டு ஹார்ட் டிஸ்க்குகள். பணத்தை ஒதுக்கும்போது உறை, பெட்டி, ஸ்கேன், சேமிப்பு ஆகியவற்றுக்கு முதலிலேயே ஒரு பங்கை எடுத்து வைத்துவிடுங்கள். முழுத் தொகைக்கும் படம் வாங்கிவிட்டால், அந்தப் படங்கள் வந்த அட்டைப்பெட்டியிலேயே ஆண்டுக்கணக்கில் கிடக்கும்.

2. எதை வாங்குவது என்று முடிவு செய்தல்

தனிப் படங்களைவிடத் தொடர்களை வாங்குங்கள். சமகாலக் கலைஞர்கள் பெரும்பாலும் ஒரு விஷயத்தை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து எடுத்து, வரிசைப்படுத்தி, ஒரே படைப்பாகத்தான் முன்வைக்கிறார்கள். அதிலிருந்து அழகான ஒன்றை மட்டும் பிடுங்கினால், பிற்காலத்தில் ஆராய வருபவருக்கு அது எதற்காக எடுக்கப்பட்டது என்பதே விளங்காது. பத்திலிருந்து இருபத்தைந்து படங்கள் கொண்ட ஒரு தொடர் சிறிய நூலகத்தால் சமாளிக்கக்கூடிய அளவு.

தேர்வுக்குழுவில் மூன்று முதல் ஐந்து பேர் போதும். அவர்களில் ஒருவராவது தொழிலில் இருக்கும் புகைப்படக் கலைஞராக இருக்கட்டும். குழுவில் இருக்கும் காலத்தில் அவருடைய படமோ அவர் உறவினர் படமோ பரிசீலனைக்கு வராது என்று விதியில் எழுதிவிடுங்கள். பிறகு, ஏற்கெனவே உள்ள தொகுப்பை எடுத்து, யார் எடுத்திருக்கிறார்கள், யார் படத்தில் இருக்கிறார்கள் என்று ஒரு தாளில் எண்ணுங்கள். எந்தத் தெருக்கள், எந்தத் தொழில்கள், யாருடைய பார்வை இல்லை என்பது அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும். அழைப்பு அந்த இடைவெளியை நோக்கி இருக்க வேண்டும்.

திறந்த அழைப்பு விடுத்தால் நுழைவுக் கட்டணம் வாங்காதீர்கள். ஒரு பக்க விண்ணப்பம், நீளப் பக்கம் 1,500 பிக்சல் அளவில் 15 முதல் 20 படங்கள், தொடரைப் பற்றி அரைப் பக்கம் என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கொடுக்கப்போகும் தொகையை அழைப்பிலேயே சொல்லிவிடுங்கள். தொகை தெரியாத அழைப்புக்கு விண்ணப்பிப்பவர்கள், காத்திருக்க வசதி உள்ளவர்கள் மட்டும்தான்.

புகைப்பட நூல்களை மறக்க வேண்டாம். பெரிய பிரிண்டுகளுக்குப் பணம் இல்லாத நூலகமும் கலைஞர்கள் தாங்களே அச்சிட்டு வெளியிடும் நூல்களை வாங்கலாம். இரண்டு பிரதிகள் வாங்குங்கள்: ஒன்று வாசகர் கையில் புரள, மற்றொன்று பெட்டியில் பத்திரமாக இருக்க. சிறிய எண்ணிக்கையில் அச்சிடப்படும் இந்த நூல்கள் தீர்ந்துபோனால் மறுபடி கிடைப்பது அரிது.

3. பணமும் மற்ற உதவியும்

நூலகம் ஒரு கலைஞருக்குச் செய்யக்கூடிய பெரிய உதவி, அவர் படைப்பை நியாயமான விலைக்கு வாங்கி, உரிய நாளில் பணத்தைக் கொடுப்பதுதான். ‘உங்கள் படத்தை நிறையப் பேர் பார்ப்பார்கள்’ என்பது ஊதியம் ஆகாது. படங்களை நன்கொடையாகத் தர ஒருவர் முன்வந்தாலும், பிரிண்ட் போடும் செலவையாவது நூலகம் ஏற்க வேண்டும். வாழ்ந்துகொண்டிருக்கும் கலைஞரிடம் இலவசமாக வாங்கியே தொகுப்பை வளர்த்தால், இலவசமாகத் தர முடிந்தவர்களின் தொகுப்பாகத்தான் அது முடியும்.

நான்கு செலவுகளைத் தனித்தனியாகக் காட்டுங்கள்: படைப்பின் விலை, பிரிண்ட் செலவு, காட்சிக்கு வைத்தால் அதற்கான கட்டணம், உரை நிகழ்த்தவோ பட்டறை நடத்தவோ அழைத்தால் அதற்கான கட்டணம். ஒரே தொகையாகச் சொன்னால் பிரிண்ட் செலவு முழுவதையும் தின்றுவிடும். கலைஞருக்கு மிஞ்சுவது சொற்பம். புதிதாக ஒரு தொடரை எடுத்துத் தரச் சொல்லும்போது பாதியை முன்பணமாகக் கொடுத்துவிடுங்கள். பயணமும் ஃபிலிமும் வேலை தொடங்கும்போதே செலவாகின்றன.

பணம் குறைவான ஆண்டிலும் செய்யக்கூடியவை உண்டு. நல்ல ஸ்கேனரை வாரத்தில் ஒரு நாள் கலைஞர்களுக்குத் திறந்துவிடலாம். மாதம் ஒருமுறை, இளைஞர்கள் தங்கள் படங்களைக் கொண்டுவந்து அனுபவமுள்ளவரிடம் காட்டிப் பேசும் அமர்வு வைக்கலாம். தொகுப்பில் உள்ள படங்களை மேசையில் பரப்பி, வரிசையையும் பிரிண்ட் தரத்தையும் கிட்டே பார்க்க விடலாம். திரையிலேயே படம் பார்த்து வளர்ந்த ஒருவர், நல்ல பிரிண்ட்டின் நிழல்பகுதியில் எவ்வளவு விவரம் நிற்கும் என்பதை முதல்முறை காண்பது பெரும்பாலும் இத்தகைய மேசையில்தான்.

4. ஒப்பந்தம்

பிரிண்டை வாங்குவது வேறு, பதிப்புரிமையை வாங்குவது வேறு. காகிதம் நூலகத்துக்குச் சொந்தமாகும். படத்தை மறுபடி அச்சிடவும் வெளியிடவும் உள்ள உரிமை, எழுதிக் கொடுத்தாலொழிய, பொதுவாகக் கலைஞரிடமே இருக்கும். பதிப்புரிமையை நூலகம் கேட்கத் தேவையில்லை. கேட்கவும் கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து. நூலகத்துக்கு வேண்டியது சில குறிப்பிட்ட பயன்பாடுகளுக்கான, கலைஞர் அதையே பிறருக்கும் கொடுக்கத் தடையில்லாத அனுமதி மட்டுமே.

அந்த அனுமதியில் ஒவ்வொரு பயன்பாட்டையும் தனி வரியாக எழுதி, பக்கத்தில் ‘ஆம்’, ‘இல்லை’ கட்டம் வையுங்கள்:

பாதுகாப்புக்காகப் பிரதி எடுப்பது, கோப்பு வடிவம் பழசானால் புதிய வடிவத்துக்கு மாற்றுவது.
வாசக அறையில் காட்டுவது.
இணையப் பட்டியலில் வைப்பது, எந்த அளவு வரை என்பது உட்பட.
நூலகத்தின் சொந்த அறிவிப்பிலும் சிற்றேட்டிலும் பயன்படுத்துவது.
வேறு நிறுவனக் காட்சிக்கு இரவல் தருவது.
காட்சிக்காக மட்டும் தனிப் பிரிண்ட் போடுவது, காட்சி முடிந்ததும் அதை அழிப்பதா திருப்புவதா என்பது.
கோப்புகளை இயந்திரக் கற்றல் (செயற்கை நுண்ணறிவு) பயிற்சிக்குத் தருவது.

கடைசி வரியைச் சேர்க்காமல் விட்டால் இரு தரப்பும் வெவ்வேறாக எண்ணிக்கொண்டிருப்பார்கள். வெளியார் படத்தைக் கேட்டால் கலைஞரிடம் அனுப்பிவைப்போம் என்பதையும், படத்தோடு போட வேண்டிய பெயர்வரி எழுத்துக்கு எழுத்து எப்படி இருக்க வேண்டும் என்பதையும் இதே தாளில் எழுதுங்கள்.

அதிகம் மறக்கப்படும் மூன்று கேள்விகள் உண்டு. முதலாவது, பிரிண்ட் நிறம் மங்கினால் என்ன செய்வது? வண்ணப் பிரிண்டுகள் இருட்டில் வைத்தாலும் மெல்ல மாறும். கோப்பிலிருந்து நூலகமே மறுபடி பிரிண்ட் போடலாமா, கலைஞர் மேற்பார்வையில்தான் போட வேண்டுமா, பழைய பிரிண்டை அழிக்க வேண்டுமா என்பதை இப்போதே கேளுங்கள். குறைந்த எண்ணிக்கையில் விற்கப்படும் பதிப்பாக இருந்தால் இந்தக் கேள்வி கலைஞரின் வருமானத்தையே தொடும். இரண்டாவது, கலைஞர் காலமானால் அனுமதி கேட்க வேண்டியது யாரிடம்? அவரையே இரண்டாம் தொடர்பாக ஒப்பந்தத்தில் எழுதிவையுங்கள். மூன்றாவது, படத்தில் இருப்பவர் தன் படத்தை எடுத்துவிடச் சொன்னால் நடைமுறை என்ன? முக்கியமாகக் குழந்தைகள், நோயாளிகள், அச்சுறுத்தலுக்கு உள்ளானவர்கள் இருக்கும் படங்களுக்கு, இணையத்திலிருந்து உடனே இறக்கிவைத்துவிட்டு அதன்பின் ஆலோசிப்பது என்ற வழியே பாதுகாப்பானது.

ஒப்பந்தம் இரண்டு பிரதிகளில் கையெழுத்தாகி, நூலகப் பிரதி ஸ்கேன் ஆகிச் சேமிக்கப்பட்ட பிறகே அடுத்த படி.

5. கலைஞரிடம் நிரப்பி வாங்கும் கேள்வித்தாள்

சமகாலத் தொகுப்பின் பெரும் பலன் இந்தத் தாளில்தான் இருக்கிறது. இரண்டு பக்கம் போதும். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் அன்றே உட்கார்ந்து நிரப்புங்கள். ‘பிறகு அனுப்புகிறேன்’ என்று போன தாள் திரும்பி வருவது அபூர்வம்.

பிரிண்டைப் பற்றிக் கேட்க வேண்டியவை: எந்த முறை (நிறமித் துகள் மையில் அச்சாகும் பிக்மென்ட் இங்க்ஜெட், கரையும் சாய மையில் அச்சாகும் சாய இங்க்ஜெட், வேதிமுறையில் சாயம் உருவாகும் குரோமோஜெனிக் வண்ணப் பிரிண்ட், கறுப்பு வெள்ளை இருட்டறைப் பிரிண்டான ஜெலட்டின் சில்வர்), காகிதத்தின் பெயரும் எடையும், மை வகை, பிரிண்ட் போட்டவர் யார், மேலே வார்னிஷோ லேமினேஷனோ உண்டா. ‘டிஜிட்டல் பிரிண்ட்’ என்று மட்டும் எழுதினால் போதாது. பிக்மென்ட் மையும் சாய மையும் ஓசோனுக்கும் ஒளிக்கும் ஈரத்துக்கும் வெவ்வேறு விதமாகத் தாக்குப்பிடிப்பவை. எந்தப் பெட்டி, எந்த அறை, எத்தனை நாள் காட்சி என்ற முடிவெல்லாம் இதைப் பொறுத்தே அமையும்.

படத்தைப் பற்றிக் கேட்க வேண்டியவை: எடுத்த தேதி, இடம், படத்தில் இருப்பவர் பெயர், பெயரை வெளியிட அவர் சம்மதம், தொடரில் இந்தப் படத்தின் இடம், பெரிய திருத்தம் ஏதும் செய்யப்பட்டிருந்தால் அது. பெயரைக் கேட்காமல் விடுவது எவ்வளவு பெரிய இழப்பு என்பதற்கு அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் டோரதியா லாங்கே 1936-இல் கலிஃபோர்னியாவில் எடுத்த ‘மைக்ரண்ட் மதர்’ படமே சாட்சி. உலகம் முழுதும் அறிந்த அந்தப் படத்தில் இருக்கும் பெண்ணின் பெயரை லாங்கே குறித்துவைக்கவில்லை. அவர் ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்ப்சன் என்பது 1978-இல்தான் வெளியே தெரிந்தது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அந்தப் பெண் பெயரில்லாமலேயே பார்க்கப்பட்டார்.

எடுத்த ஆண்டையும் பிரிண்ட் போட்ட ஆண்டையும் தனித்தனிக் கட்டமாக வையுங்கள். ஒரே கட்டமாக வைத்தால் சிலர் ஒன்றை எழுதுவார்கள், சிலர் மற்றதை எழுதுவார்கள். பிறகு எது எது என்று பிரிக்க முடியாது.

6. பெறுதலும் சரிபார்த்தலும்

வந்த பெட்டியை நேராகச் சேமிப்பு அறைக்குள் கொண்டுபோகாதீர்கள். தனி மேசையில் திறந்து பூச்சி, பூஞ்சை, ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். பூஞ்சை தெரிந்தால் பிளாஸ்டிக் பையில் மூடித் தனியே வைத்துவிட்டு, பராமரிப்பு வல்லுநரைக் கேளுங்கள். ஒரு பெட்டியிலிருந்து மொத்த அறைக்கும் அது பரவும். புதிதாகப் போட்ட இங்க்ஜெட் பிரிண்டாக இருந்தால், மையின் கரைப்பான் ஆவியாகக் குறைந்தது 24 மணி நேரம் திறந்தபடி காயவிட வேண்டும். ஈரத்தோடு உறையில் போட்டால் உறையின் உட்புறம் மங்கலாகப் புகை படிந்தது போலாகும்.

ஒவ்வொரு பிரிண்டையும் பக்கவாட்டிலிருந்து சாய்வாக விழும் வெளிச்சத்தில் பாருங்கள். நேர் வெளிச்சத்தில் தெரியாத கீறல், பள்ளம், விரல்தடம் எல்லாம் அப்போது எழுந்து நிற்கும். கண்டதை நிலை அறிக்கையில் ‘இடது கீழ் மூலையில் 2 செ.மீ. மடிப்பு’ என்பது போல எழுதி, மொபைலில் ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் இரவல் போய் வரும்போது எது பழைய சேதம், எது புதியது என்று காட்ட இதைவிட்டால் வேறு ஆதாரம் இல்லை.

டிஜிட்டல் கோப்புகளை மெசேஜ் செயலிகள் வழியாக வாங்கவே கூடாது. அவை படத்தைச் சுருக்குவதோடு, கோப்புக்குள் எழுதப்பட்ட பெயர், தேதி முதலிய மெட்டாடேட்டாவையும் பெரும்பாலும் அழித்துவிடும். ஹார்ட் டிஸ்க்கில் வாங்குங்கள், அல்லது கோப்பை மாற்றாத பரிமாற்றச் சேவையில் வாங்குங்கள். வந்ததும் எண்ணிக்கையை ஒப்பிட்டு, ஒவ்வொரு கோப்பையும் திறந்து பார்த்து, செக்சம் எடுத்து வையுங்கள். செக்சம் என்பது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் ஒரு நீண்ட குறியீடு. ஒரு பிட் மாறினாலும் குறியீடு மாறிவிடும். கோப்புகளையும் அவற்றின் செக்சம் பட்டியலையும் ஒரே அடைவாக (ஃபோல்டராக) கட்டித்தரும் பேக்இட் முறையைப் பல நூலகங்கள் பயன்படுத்துகின்றன. அதற்கான கருவிகள் இலவசமாகவே கிடைக்கும்.

7. எண்ணிடுதல்

உறையில் போடுவதற்கு முன்பே எண் முடிவாகிவிட வேண்டும், ஏனென்றால் உறையில் எழுத வேண்டியதே அந்த எண்தான். ஆண்டு, அந்த ஆண்டின் சேர்க்கை வரிசை, பட வரிசை என்று மூன்று பகுதி போதும்: 2025-014-0037. ஸ்கேன் கோப்பின் பெயர், உறை, பெட்டிப் பட்டியல், இணையப் பட்டியல் எல்லாவற்றிலும் இதே எண். முன்னால் பூஜ்யம் சேர்ப்பதை விடாதீர்கள். சேர்க்காவிட்டால் கணினி 10-ஐ 2-க்கு முன்னால் அடுக்கும். எண்ணுக்குள் கலைஞர் பெயரையோ பொருளையோ நுழைக்காதீர்கள். பெயர் திருத்தப்படலாம், பொருள் மாற்றி எழுதப்படலாம், எண் மாறக்கூடாது.

கோப்புப் பெயரைத் தமிழில் வைக்கவும் வேண்டாம். யூனிகோடில் ‘ொ’, ‘ோ’, ‘ௌ’ ஆகிய குறிகளை ஒரே குறியீடாகவும் எழுதலாம், இரண்டு துண்டுகளைச் சேர்த்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். கணினிக்கு இரண்டும் வேறு. ஓர் இயங்குதளத்திலிருந்து மற்றொன்றுக்கு நகலெடுக்கும்போது ‘கோப்பு இல்லை’ என்ற பிழை வருவதற்கு இது ஒரு காரணம். தமிழ் முழுவதும் பட்டியலின் விவரக் கட்டங்களில் இருக்கட்டும். பழைய எழுத்துரு முறைகளில் தட்டச்சு செய்த விவரங்கள் வந்தால், பட்டியலில் ஏற்றும் முன் யூனிகோடுக்கு மாற்றி, ஒரு முறை கண்ணால் வாசித்துச் சரிபாருங்கள்.

8. உறையும் பெட்டியும்

உறையின் மீது முதலில் எழுதுங்கள், பிறகு படத்தைப் போடுங்கள். உள்ளே படம் இருக்கும்போது எழுதினால் எழுத்தின் அழுத்தம் படத்தில் பள்ளமாகப் பதிந்துவிடும். பிளாஸ்டிக் பூச்சில்லாத ஃபைபர் காகிதப் பிரிண்டாக இருந்தால் பின்புற ஓரத்தில் 2பி பென்சிலால் மெதுவாக எண் எழுதலாம். ஆர்சி எனப்படும் பிளாஸ்டிக் பூச்சுக் காகிதத்தில் பென்சில் பிடிக்காது. அழுத்திப் பார்க்காமல் உறையில் மட்டும் எழுதுங்கள்.

‘அமிலமற்றது’ என்ற விளம்பரத்தை மட்டும் நம்பி உறை வாங்காதீர்கள். புகைப்படத்தோடு வேதிவினை செய்யுமா என்பதைச் சோதிக்கும் தனித் தரமே உண்டு: ஐஎஸ்ஓ 18916. அந்தச் சோதனையில் தேறியதா என்று விற்பவரிடம் கேளுங்கள். பிவிசி என்ற பிளாஸ்டிக்கால் ஆன உறை எந்தக் காரணத்துக்காகவும் கூடாது. அதிலிருந்து வெளியேறும் பொருள்கள் படத்தில் ஒட்டிப் பாழாக்கும். ரப்பர் பேண்ட், காகிதக் கிளிப், செல்லோ டேப், ஒட்டும் குறிப்புத்தாள் ஆகியவையும் மேசைக்கு வரக்கூடாது.

பளபளப்பில்லாத மேட் இங்க்ஜெட் பிரிண்டுகளின் மேற்பரப்பு மிக மென்மையானது. ஒன்றன்மேல் ஒன்று உரசினாலே கறுப்புப் பகுதிகள் வெளுக்கும். நடுவே மெல்லிய தாள் வைத்து, படுத்தவாக்கில் பெட்டியில் அடுக்குங்கள். ஒரு பெட்டியைத் தூக்க இரண்டு பேர் தேவைப்பட்டால் அடுக்கு அதிகம் என்று பொருள். படப்பக்கம் அக்ரிலிக் பலகையில் ஒட்டப்பட்ட பெரிய படங்களைப் பிரிக்க முடியாது, கீறலை நீக்கவும் முடியாது. அவற்றைச் செங்குத்தாக நிறுத்துங்கள். கண்ணாடி துடைக்கும் திரவத்தை அவற்றின் அருகே கொண்டுபோகாதீர்கள்.

நெகட்டிவ்களும் வந்தால் முகர்ந்து பாருங்கள். வினிகர் வாடை வந்தால் அசிடேட் என்ற பிளாஸ்டிக்கால் ஆன ஃபிலிம் சிதையத் தொடங்கிவிட்டது. அதை மற்றவற்றிலிருந்து உடனே பிரித்துவையுங்கள். வண்ண நெகட்டிவ்களுக்கும் ஸ்லைடுகளுக்கும் குளிர்சேமிப்பே உண்மையான பாதுகாப்பு. குளிரிலிருந்து வெளியே எடுத்த பையை உடனே திறக்காமல், அறை வெப்பத்துக்கு வரும்வரை மூடியபடியே வைத்து அடுத்த நாள் திறங்கள். அவசரப்பட்டால் காற்றின் ஈரம் ஃபிலிம் மேலேயே நீர்த்துளியாகப் படியும்.

9. பட்டியலாக்கம்

முதலில் தொடருக்கு ஒரு பதிவு, பிறகு ஒவ்வொரு படத்துக்கும் பதிவு. தொடர்ப் பதிவு முடிந்தாலே வாசகர் தேடி வரத் தொடங்கலாம். ஒவ்வொரு படமாக எழுதி முடித்த பிறகுதான் வெளியிடுவோம் என்று காத்திருக்கும் தொகுப்புகள் பெரும்பாலும் வெளியாவதே இல்லை.

கலைஞர் வைத்த தலைப்பை அப்படியே எழுதுங்கள், திருத்தாதீர்கள். தலைப்பு இல்லாவிட்டால் நூலகம் தருவதைச் சதுர அடைப்புக்குறிக்குள் இடுவது வழக்கம். ஒரு பதிவு இப்படி இருக்கலாம்:

எண்: 2025-014-0037
தலைப்பு: [பேருந்து நிலையத்தில் காத்திருக்கும் பயணிகள்]
தேதி: எடுத்தது 2019, பிரிண்ட் 2024
முறை: பிக்மென்ட் இங்க்ஜெட், பருத்திக் காகிதம், சதுர மீட்டருக்கு 310 கிராம்
அளவு: படப்பரப்பு 40 × 60 செ.மீ., தாள் 50 × 70 செ.மீ.
பதிப்பு: 3/10 (பத்துப் பிரிண்டுகளில் மூன்றாவது)
உரிமை: பதிப்புரிமை கலைஞருடையது, இணையத்தில் 1,600 பிக்சல் வரை அனுமதி
பெட்டி: 22

படப்பரப்பு, தாள் என்ற இரு அளவுகளும் வேண்டும். ஒன்று மட்டும் இருந்தால் பெட்டி வாங்கும்போதும் சட்டம் போடும்போதும் தப்பாகும். பொருள் தலைப்புகளுக்கு நீங்களே சொற்களை உருவாக்காமல், அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் நூலகத்தின் வரைகலைப் பொருள் சொற்களஞ்சியம் போன்ற ஒரு கட்டுப்பாட்டுப் பட்டியலிலிருந்து எடுத்து, அதற்கு இணையான தமிழ்ச் சொல்லையும் சேர்த்துவையுங்கள். கலைஞர் பெயரின் எல்லா எழுத்துவடிவங்களையும், முதலெழுத்து முன்னால் வருவதும் பின்னால் வருவதும் உட்பட, ஒரே பெயர்ப் பதிவில் கட்டுங்கள். இல்லாவிட்டால் ஒரே ஆள் மூன்று பேராகப் பிரிந்து கிடப்பார்.

10. ஸ்கேனும் மூலக் கோப்பும்

கேமராவிலேயே டிஜிட்டலாகப் பிறந்த படத்தின் பிரிண்டை ஸ்கேன் செய்து அதையே மூலமாக வைப்பது பரவலான பிழை. பிரிண்டின் மைப்புள்ளிகளும் காகித இழைகளும் அதில் சேர்ந்துவிடும். கலைஞரிடமிருந்து பிரிண்ட் போட்ட இறுதிக் கோப்பையே வாங்குங்கள். ரா கோப்பும் (கேமரா பதிவுசெய்த, பதப்படுத்தாத கோப்பு) தந்தால் கூடுதலாக வையுங்கள். ரா கோப்பு மட்டும் போதாது, ஏனென்றால் அதை எப்படி வெளிக்கொணர்ந்தார் என்பது மென்பொருளின் அமைப்புகளில் இருக்கிறது. மூலமே ஜேபெக்காக (சுருக்கிச் சேமிக்கும் கோப்பு வடிவம்) இருந்தால் அப்படியே வையுங்கள். தரம் குறையாமல் சேமிக்கும் டிஃப் வடிவத்துக்கு மாற்றினால் அளவு பெருகும், விவரம் பெருகாது.

ஃபிலிமில் எடுத்த படத்துக்குத்தான் ஸ்கேன் தேவை. 35 மி.மீ. நெகட்டிவ்வை அங்குலத்துக்கு 4,000 பிக்சலில் எடுத்தால் ஏறத்தாழ 5,670 × 3,780 பிக்சல் கிடைக்கும். 16 பிட் வண்ண டிஃப் கோப்பாக அது 129 மெகாபைட் அளவில் இருக்கும். 36 பிரேம் கொண்ட ஒரு சுருள் 4.6 ஜிகாபைட், மூன்று பிரதி என்றால் ஏறக்குறைய 14. வேலையைத் தொடங்கும் முன் இந்தக் கணக்கைப் போடுங்கள். பாதியில் இடம் தீர்ந்து, தரத்தைக் குறைத்துக்கொண்டு போன தொகுப்புகள் பிறகு முழுவதையும் மறுபடி ஸ்கேன் செய்ய வேண்டியிருக்கும். நெகட்டிவ் இல்லாமல் 8 × 10 அங்குலப் பிரிண்டையே ஸ்கேன் செய்வதானால் அங்குலத்துக்கு 400 பிக்சல் தாராளம்.

ஒவ்வொரு அமர்விலும் முதலில் வண்ண அளவுகோல் அட்டையை ஸ்கேன் செய்யுங்கள். ஸ்கேனரின் ‘தானியங்கித் திருத்தம்’, ‘தூசி நீக்கம்’ இரண்டையும் அணைத்துவிடுங்கள். கறுப்பு வெள்ளை சில்வர் நெகட்டிவ்வில் அகச்சிவப்பு தூசி நீக்கம் வெள்ளித் துகளையே தூசி என்று கருதிப் படத்தைச் சிதைக்கும். முடிந்த கோப்புக்குள் எடுத்தவர் பெயர், பெயர்வரி, உரிமைக் குறிப்பு, விவரம், தேதி ஆகியவற்றை ஐபிடிசி கட்டங்களில் (படக் கோப்புக்குள் விவரம் எழுதுவதற்கான பொதுத் தரம்) எழுதுங்கள். படம் பட்டியலை விட்டுத் தனியே போனாலும் பெயர் கூடவே போகும்.

பேக்கப் எளிது: மூன்று பிரதிகள், இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறு கட்டடத்தில். ஆண்டுக்கு ஒருமுறை செக்சத்தை மறுபடி ஓட்டிப் பாருங்கள். ஓட்டிப் பார்க்காத பேக்கப் இருந்தும் இல்லாததுதான்.

11. வாசகருக்குத் திறப்பது

இணையப் பிரதியை ஒப்பந்தத்தில் சொன்ன அளவில், எஸ்ஆர்ஜிபி வண்ணவெளியில் (பெரும்பாலான திரைகள் காட்டும் நிற எல்லை) ஜேபெக்காக எடுங்கள். விரிந்த வண்ணவெளியில் விட்டால் சில திரைகளில் நிறம் சோகையாகத் தெரியும், கலைஞர் வருந்துவார். மொபைலிலும் சில கேமராக்களிலும் எடுத்த படங்களுக்குள் இருப்பிட ஆயத்தொலைவு (எடுத்த இடத்தைக் காட்டும் ஜிபிஎஸ் எண்கள்) பதிவாகியிருக்கும்; மூலத்தில் வைத்துக்கொண்டு, இணையப் பிரதியிலிருந்து நீக்குங்கள். ஒருவர் வீட்டு வாசலில் எடுத்த படம் அவர் முகவரியை வெளியிட்டுவிடும். ஏற்றிய பிறகு ஒரு கோப்பை இறக்கிப் பார்த்து, உரிமைக் குறிப்பு உள்ளே நிற்கிறதா என்று சோதியுங்கள்.

வாசக அறையில் ஒரு நேரத்தில் ஒரு பெட்டி, பென்சில் மட்டும், பிளாஷ் இல்லை. எடுக்கும் இடத்தில் ஒரு அட்டையைச் செருகச் சொல்லுங்கள். தொடரின் வரிசை குலையாது. புகைப்பட நூல்களின் வாசிப்புப் பிரதியைத் திறந்த அலமாரியில் வையுங்கள், கேட்டு வாங்க வேண்டிய நிலை வேண்டாம்.

காட்சிக்கு வைத்தால் 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு), 12 வாரம் என்பது பாதுகாப்பான எல்லை. தினம் 8 மணி நேரம் என்றால் இது 33,600 லக்ஸ்-மணி. அதே படத்தை 200 லக்ஸில் தொங்கவிட்டால் இந்த அளவு 21 நாளில் தீர்ந்துவிடும். ஆகவே வெளிச்சத்தைக் கூட்ட வேண்டியிருந்தால் நாளைக் குறையுங்கள், அல்லது ஒப்பந்தம் அனுமதித்தால் காட்சிக்கென்று தனிப் பிரிண்ட் போடுங்கள்.

12. ஆண்டுக்கு ஒருமுறை கலைஞருக்கு

ஒவ்வொரு ஆண்டும் ஒரு குறிப்பிட்ட மாதத்தில், தொகுப்பில் உள்ள எல்லாக் கலைஞர்களுக்கும் ஒரு பக்கக் கடிதம் அனுப்புங்கள்: எத்தனை பேர் படங்களைக் கேட்டுப் பார்த்தார்கள், எந்தக் காட்சியில் வைக்கப்பட்டது, யார் அனுமதி கேட்டு வந்தார்கள். ஸ்கேன் செய்த அவருடைய நெகட்டிவ்களின் முழுத் தரப் பிரதியையும் முதல் ஆண்டிலேயே கொடுத்துவிடுங்கள். அவர் தொழிலுக்கு அது நேரடியாக உதவும். கடிதத்தோடு ஒரு சிறு படிவம் வையுங்கள்: முகவரியும் தொலைபேசியும் மாறியிருக்கிறதா, உரிமை வாரிசு பெயரில் மாற்றம் உண்டா, அதே தொடரில் புதிய படங்கள் உள்ளனவா.

கடிதம் திரும்பி வந்தால் அந்த வாரமே ஒப்பந்தத்தில் எழுதிய இரண்டாம் தொடர்பைக் கூப்பிடுங்கள். ஒரு மாதத்துக்குள் தொடர்பு கிடைக்காவிட்டால் பட்டியலில் ‘தொடர்பு அறுந்தது’ என்று தேதியோடு குறித்து, புதிய பயன்பாட்டு அனுமதிகளை நிறுத்திவையுங்கள். ஏற்கெனவே எழுதி வாங்கிய அனுமதிகள் அப்படியே தொடரும்.